பட்டியலை வைத்து ஊர் பார்ப்பது

பெண்ணாடம் கோயிலின் அழகு அதன் பின்புறத்தில் இருக்கிறது. கிழக்கு வாசல் வழியாக நுழைந்து, பிரளயகாலேஸ்வரரைக் கும்பிட்டு, திருநீறு வாங்கிக்கொண்டு வந்த வழியே திரும்பிவிடுகிறவர் அதைப் பார்ப்பதில்லை. பிரகாரத்தில் மேற்குப் பக்கம் போய் நிற்க வேண்டும். கருவறைச் சுவர் அங்கே மூலை திரும்பாமல் அரைவட்டமாக வளைகிறது. மேலே விமானமும் அதே வளைவோடு எழுகிறது. படுத்திருக்கும் யானையை வால் பக்கமிருந்து பார்த்தால் எப்படித் திரண்டு தெரியுமோ அப்படித் தெரிகிறது. சிற்ப நூல்கள் இதைக் கஜபிருஷ்ட விமானம் என்கின்றன. தேவாரம் இந்தக் கோயிலையே தூங்கானை மாடம் என்று அழைக்கிறது. கருவறைச் சுவரில் மூன்று பக்கமும் பலகணி வைத்திருக்கிறார்கள். சுற்றி வருகிறவர் எந்தப் பக்கம் நின்றாலும் உள்ளே விளக்கு வெளிச்சத்தில் லிங்கத்தைப் பார்க்கலாம். சன்னிதிக்கு முன்னால் உள்ள நந்தியோ வாசலைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. பிரளய வெள்ளம் ஊருக்குள் வராமல் தடுக்கத் திரும்பியதாகத் தல வரலாறு சொல்கிறது. சுற்றி வருகிறவருக்காகவே, நின்று பார்க்கிறவருக்காகவே கட்டிய கோயில் இது.

வெளியூரிலிருந்து இங்கே வருகிறவர்களில் பலர் ஒரு பட்டியலோடு வருகிறார்கள். நடுநாட்டில் பாடல் பெற்ற தலங்கள் 22. முதலாவது திருநெல்வாயில் அரத்துறை, அதாவது இன்றைய திருவட்டத்துறை, இரண்டாவது பெண்ணாடம். டூர் வேன் காலையில் திருவட்டத்துறையை முடித்துக்கொண்டு இங்கே வரும். உச்சிக்கால பூஜை முடிந்து நடை சாத்துவதற்குள் விருத்தாசலம் போய்ச் சேர வேண்டும். "அரை மணி நேரந்தான், சீக்கிரம் வந்துடுங்க" என்று இறங்கும்போதே சொல்லிவிடுவார்கள். அந்த அரை மணி நேரத்தில் செருப்பு விட்டு, அர்ச்சனைச் சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, தீபாராதனை பார்த்தால் நேரம் சரியாகப் போய்விடும். பின்புறம் போக நேரம் ஏது?

பழமையான ஒரு ஊருக்கு முதல் தடவை போகிறவர் எதைப் பார்ப்பது, எதை விடுவது என்ற கேள்வியைச் சுற்றுலா விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது. அந்த ஊரைப் பற்றி நமக்குள் பதியும் முதல் சித்திரத்தை இந்தத் தேர்வுதான் எழுதுகிறது. பலருக்கு முதல் பயணமே கடைசிப் பயணமாகவும் இருக்கும். இன்று இந்தத் தேர்வைப் பெரும்பாலும் பட்டியல் செய்கிறது. 'சிதம்பரத்தில் பார்க்க வேண்டிய இடங்கள்' என்று எங்கே தேடினாலும் நடராசர் கோயில், தில்லைக் காளி, பிச்சாவரம், அண்ணாமலைப் பல்கலைக்கழகம், கொஞ்சம் தாராளமாக இருந்தால் கடலூர் சில்வர் பீச் என்று அதே வரிசை வரும். பட்டியல் தேவையானது என்றே நினைக்கிறேன். ஆனால் எதைப் பார்ப்பது என்று முடிவு செய்கிற வேலையை முழுக்க அதனிடம் விட்டுவிட்டால் ஊர் நம் கையிலிருந்து நழுவிவிடுகிறது. அது ஏன் என்பதைப் பெண்ணாடத்தையும் சிதம்பரத்தையும் வைத்துப் பார்க்கலாம்.

குறை சொல்லத் தொடங்குமுன், பட்டியல் நமக்கு எவ்வளவு பழையது என்பதை நினைக்க வேண்டும். சம்பந்தரும் அப்பரும் தலங்களின் பெயர்களை மாலையாகக் கோத்து க்ஷேத்திரக்கோவை பாடினார்கள். சுந்தரர் ஊர்த்தொகையும் நாட்டுத்தொகையும் பாடினார். பிற்காலத்தில் உமாபதி சிவம் திருப்பதிக்கோவை என்று தலங்களை வரிசைப்படுத்தியே ஒரு நூல் செய்தார். அவர் தில்லைவாழ் அந்தணர். அவருடைய குரு மறைஞானசம்பந்தர் பெண்ணாடத்தோடு சேர்த்துச் சொல்லப்படுகிறவர். 1917-ல் திருவிடைவாய்க் கோயிலில் கல்லில் வெட்டிய சம்பந்தர் பதிகம் ஒன்று கண்டறியப்பட்டது. ஏடுகளில் இல்லாத பதிகம் அது. அதன் பிறகு அந்த ஊரும் பாடல் பெற்ற தலமாயிற்று. 274 என்று மரபு சொல்லும் கணக்கை இன்று சிலர் 276 என்பதற்கு அந்த மாதிரிக் கண்டுபிடிப்புகளே காரணம். ஒரு கல்வெட்டு ஒரு கிராமத்தின் தலையெழுத்தை மாற்றியிருக்கிறது.

பட்டியலின் முதல் நன்மை அங்கேதான். பதிகம் கிடைத்த ஊர் பிழைத்துக்கொள்கிறது. பாடலில் பெயர் மட்டும் வந்துபோன வைப்புத் தலம் இரண்டாம் வரிசையில் நிற்கிறது. பெயரே வராத கோயிலில் ஆலமரம் முளைக்கிறது. பெண்ணாடம் பெரிய ஊரில்லை. ரயில் நிலையம் விழுப்புரம்–திருச்சி கார்டு லைனில் இருந்தாலும், இறங்குகிறவர்களில் கோயிலுக்கு வருகிறவர்கள் குறைவு. தேவாரம் பாடாமல் போயிருந்தால் இந்த விமானத்தைக் கட்டடக்கலை படிக்கிற சிலரைத் தவிர வேறு யாரும் தேடி வந்திருக்கமாட்டார்கள். மாமல்லபுரத்தில் சகாதேவ ரதம் இதே யானை முதுகு அமைப்புதான். பக்கத்தில் ஒரு கல் யானையையும் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அங்கே தினமும் கூட்டம் நின்று படம் எடுக்கிறது. பெண்ணாடத்துக்கு அந்தக் கூட்டமில்லை. வருகிற சிலரையாவது கொண்டு வந்து சேர்ப்பது பழைய பட்டியல்தான்.

இரண்டாவது நன்மையை விமர்சகர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. நம் சிறு ஊர்களில் எத்தனையோ பெண்களுக்கு, குறிப்பாக நடுவயது கடந்தவர்களுக்கு, வீட்டை விட்டு வெளியூர் போக அனுமதி கிடைத்த ஒரே வழி கோயில் டூர்தான். 'நவக்கிரகக் கோயிலுக்குப் போறோம்', 'பாடல் பெற்ற தலம் போறோம்' என்றால் வீட்டில் யாரும் கேள்வி கேட்பதில்லை. பட்டியலுக்கு ஒரு தொடக்கமும் முடிவும் இருப்பதால் செலவும் தெரியும், திரும்பி வரும் நேரமும் தெரியும். கும்பகோணத்திலிருந்து ஒரே நாளில் ஒன்பது கிரகக் கோயில்களையும் காட்டி வரும் அரசுப் பேருந்து 2024-ல் தொடங்கியபோது அதில் ஏறியவர்களை, ஊர் பார்க்கத் தெரியாதவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. காலை முதல் இரவு வரை ஒன்பது ஊர் மண்ணில் கால் வைத்துவிட்டு வருவது ஒரு வாழ்க்கையில் சின்ன விஷயமில்லை. 'மெதுவாகப் பார், ஒரே ஊரில் ஒரு வாரம் தங்கு' என்று எழுதுகிறவர்கள் கையில் ஒரு வாரம் இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் பட்டியலின் குறைகள் குறைகளே.

பட்டியலில் ஒவ்வொரு இடமும் ஒரு வரி. சிதம்பரம் நடராசர் கோயில் சுமார் 40 ஏக்கர். அதுவும் ஒரு வரி. சில்வர் பீச்சும் ஒரு வரி. ஐந்து சபைகள், நான்கு ஏழுநிலைக் கோபுரங்கள், சிவகங்கைக் குளம், கூரை முழுக்க ஓவியம் உள்ள சிவகாமசுந்தரி கோயில், கோவிந்தராசப் பெருமாள் சன்னிதி, ஆயிரங்கால் மண்டபமான ராஜசபை எல்லாம் அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடுகின்றன. பட்டியலோடு வருகிறவர் கனகசபைக்கு முன்னால் போய்ச் சிதம்பர ரகசியம் பார்த்துவிட்டால் அந்த வரியில் டிக் அடித்துவிடலாம். உள்ளே வந்தது எந்தக் கோபுரம் வழியாக என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியாது.

கிழக்குக் கோபுரத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். கீழவீதியிலிருந்து உள்ளே நுழைகிற அந்த வாசல் வழி ஒரு சின்ன நடைக்கூடம் அளவுக்கு நீளம். இரண்டு பக்கச் சுவரிலும் தூண் தூணாகச் சதுரக் கட்டங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக மேலே போகின்றன. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பெண் ஆடுகிறாள். சில கட்டங்களில் பக்கத்தில் சின்னதாக மேளக்காரர்கள். நாட்டிய சாஸ்திரம் சொல்லும் 108 கரணங்கள் இவை. கட்டங்களுக்கு அருகிலேயே அந்த நூலின் சுலோகங்களைக் கிரந்த எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். கல்லில் அசைவைக் காட்ட முடியாது. ஆகவே சிற்பி அசைவின் ஒரு கணத்தைப் பிடித்திருக்கிறார்: கால் தலைக்கு மேல் போகிற கணம், இடுப்பு திரும்பிய கணம், உடம்பு பின்னால் வில்லாக வளைந்த கணம். பாடமும் படமும் ஒரே சுவரில் இருப்பதால் பரதம் படிக்கிறவர்களுக்கு இது ஒரு பள்ளிக்கூடம். 1981-ல் தொடங்கி மகா சிவராத்திரியையொட்டி நடந்துவரும் நாட்டியாஞ்சலிக்கு இந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததன் பொருத்தம் இந்தச் சுவருக்கு முன்னால் நின்றால் புரியும். ஆனால் இது வாசல். வாசலைக் கடப்பதுதான் வழக்கம். வெயிலில் நடந்து வந்தவர் நிழல் கிடைத்ததே என்று வேகத்தைக் குறைப்பார்; நிமிர்ந்து பார்ப்பதற்குள் பின்னால் வருகிற கூட்டம் தள்ளிக்கொண்டு போய்விடும்.

இரண்டாவது குறை நேரம். பட்டியல் இடத்தைச் சொல்கிறது, எப்போது என்று சொல்வதில்லை. நண்பகலில் கோயில் நடை சாத்திவிடும்; மாலையில்தான் மறுபடி திறக்கும். நடுவில் உள்ள சில மணி நேரத்தை என்ன செய்வது என்று தெரியாமல் ஆட்டோக்காரர் சொல்கிறபடி பிச்சாவரம் போகிறார்கள். சுமார் 15 கிலோமீட்டர். சதுப்புநிலக் காட்டுக்குள் படகில் போக அதைவிட மோசமான நேரம் கிடையாது. உச்சி வெயில், தண்ணீரில் பட்டுக் கண்ணில் அடிக்கிற வெளிச்சம், பறவைகள் எல்லாம் அடங்கிய நேரம். போய்விட்டு வந்தவர் 'ஒண்ணும் பெரிசா இல்ல' என்று எழுதுகிறார். ஏறத்தாழ 1,100 ஹெக்டேர் அலையாத்திக் காட்டுக்குக் கிடைக்கும் மதிப்புரை அது.

மூன்றாவது குறை என்னை அதிகம் உறுத்துகிறது. பட்டியலுக்கு ஒரு சமூக முகம் இருக்கிறது. எது பார்க்கத் தக்கது என்று யாரோ முடிவு செய்கிறார்கள், மற்றவர்கள் பிரதி எடுக்கிறார்கள். சிதம்பரத்தில் ஓமக்குளம் என்று ஒரு இடம் உண்டு. நந்தனார் தீயில் இறங்கியது அங்கேதான் என்பது ஊர் மரபு. கோயிலுக்குள் வரப் பிறப்பு தடையாக நின்ற ஒருவர் நெருப்பைத் தாண்டித்தான் உள்ளே போக முடிந்தது என்ற கதையைப் பெரிய புராணம் சொல்கிறது; பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை அதை வீடு வீடாகக் கொண்டு போயிற்று. சுவாமி சகஜானந்தர் 1916-ல் நந்தனார் பள்ளியைத் தொடங்கியது இந்தச் சிதம்பரத்தில்தான். நுழைய விடாத ஊரில் படிக்க இடம் கொடுத்த பள்ளி. எத்தனையோ தலைமுறைத் தலித் மாணவர்கள் அங்கே எழுத்து கற்றிருக்கிறார்கள். சிதம்பரத்தின் வரலாற்றில் பொற்கூரைக்கு எவ்வளவு இடம் உண்டோ, இதற்கும் அவ்வளவு இடம் உண்டு என்பது என் உறுதியான கருத்து. ஆனாலும் வழக்கமான எந்தப் பட்டியலிலும் ஓமக்குளம் வருவதில்லை. பல்கலைக்கழகம் வருகிறது, 1929-ல் நிறுவப்பட்டது, தமிழிசைக்குத் தோள் கொடுத்தது, அகன்ற சாலைகள், அதெல்லாம் சரி. 1965 ஜனவரி 27 அன்று இந்தித் திணிப்பை எதிர்த்த போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டில் இறந்த மாணவர் ராசேந்திரனின் சிலையும் அங்கே இருக்கிறது. அந்தச் சிலை பட்டியலில் வருவதில்லை.

பட்டியல் தனக்குள் தானே பெருத்துக்கொள்வது உலகம் முழுக்க நடக்கிறது. ஜெர்மனியில் பேடெக்கர் நிறுவனம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வழிகாட்டி நூல்களில் முக்கியமான இடங்களுக்கு நட்சத்திரக் குறி போடத் தொடங்கியது. நேரமில்லாத பயணிக்கு அது பெரிய உதவி. 1942-ல் ஜெர்மன் விமானப் படை இங்கிலாந்தின் பழைய நகரங்களான எக்ஸெட்டர், பாத், நார்விச், யார்க் ஆகியவற்றின் மேல் குண்டு வீசியபோது, அந்த நூலில் நட்சத்திரம் பெற்ற கட்டடங்களையெல்லாம் அழிப்போம் என்று ஜெர்மன் அதிகாரி ஒருவர் சொன்னதால் அந்தத் தாக்குதல்களுக்கே பேடெக்கர் பெயர் வந்துவிட்டது. பார்க்க வேண்டியதைக் குறித்து வைத்த அதே நட்சத்திரம் அழிக்க வேண்டியதைக் குறிக்கவும் போதுமானதாக இருந்தது. நம் பக்கம் நடப்பது அவ்வளவு கொடுமையானதில்லை. ஆனால் ஒரு பெயர் மேலே போனால் பக்கத்துப் பெயர் கீழே போவது இங்கும் உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் 1987-ல் உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்ந்தது. 2004-ல் கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் சேர்ந்தன. அதற்குப் பிறகு சோழர் கோயில் என்றால் இந்த மூன்றும்தான் என்று படித்தவர்களே நினைக்கிறார்கள்.

பட்டியலே வேண்டாம், கால் போன போக்கில் போவோம் என்கிறவர்கள் இருக்கிறார்கள். சிதம்பரத்தின் நான்கு தேர் வீதிகளில் அது பலன் தரும். விடியற்காலையில் கீழவீதியில் தொடங்கி ஒரு சுற்று வந்தால் பூக்கடை, கொத்சு மணக்கும் ஓட்டல், முன்குடுமி வைத்த தீட்சிதர்கள் வேகமாக நடந்து போவது, தேர்முட்டி என்று ஊர் தானாகவே கண்ணில் படும். ஆனால் கால் போன போக்கில் போகிறவர் பெண்ணாடத்தில் இறங்கினால் கடைத்தெருவைப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவார். விமானத்தைப் பற்றி முன்னால் தெரியாதவருக்கு அது கண்ணில் பட்டாலும் ஒரு வளைந்த சுவர்தான். தெரியாமல் போவது ஒரு குணமாகாது. தவிர, கால் போன போக்கில் போவதற்கு எல்லாருக்கும் ஒரே உரிமை நம் ஊர்களில் இல்லை. தனியாக ஒரு பெண் ஒரு அக்கிரகாரத்திலோ ஒரு காலனியிலோ நோக்கமில்லாமல் நின்றால் 'யார் வேணும்மா?' என்று இரண்டு பேராவது கேட்பார்கள்.

உள்ளூர்க்காரரைக் கேட்கலாம் என்பது அடுத்த யோசனை. பெண்ணாடத்தில் கேட்டுப் பாருங்கள். "இங்க என்னங்க இருக்கு, ஸ்ரீமுஷ்ணம் போங்க, சிதம்பரம் போங்க" என்பார்கள். தினமும் பார்க்கிறது கண்ணுக்குத் தெரிவதில்லை என்பது ஒரு காரணம். வெளியூர்க்காரருக்குப் பெரியதாக எதையாவது காட்ட வேண்டுமே என்ற விருந்தோம்பல் மனமும் அதில் இருக்கிறது. அதே ஆளிடம் 'கலிக்கம்ப நாயனார் இந்த ஊராமே?' என்று தொடங்கினால் கதை வேறு மாதிரி போகும். பழைய வேலைக்காரன் அடியாராக வந்து நின்றபோது கால் கழுவ நீர் வார்க்கத் தயங்கிய மனைவியின் கையை வெட்டிவிட்டுத் தானே நீர் வார்த்த நாயனார் அவர். இன்று கேட்டால் மனம் பதறுகிற கதை. அந்த ஊரிலேயே ஒருவரோடு உட்கார்ந்து அதைப் பற்றிப் பேசுவது எந்தத் தல வரலாற்றுப் பலகையும் தராத அனுபவம். உள்ளூர்க்காரரிடம் 'என்ன பார்க்கலாம்' என்று கேட்பதைவிட, தெரிந்த ஒன்றைச் சொல்லி அதைப் பற்றிக் கேட்பது பலன் தரும். அதற்கும் கொஞ்சம் படித்துவிட்டுப் போக வேண்டியிருக்கிறது.

எதைப் பார்ப்பது என்று தேர்வு செய்ய நான் நம்புகிற வழி தொடர்பு. பட்டியலிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவதைப் பட்டியலிலிருந்து எடுக்காமல் முதலாவதிலிருந்து எடுக்க வேண்டும். பார்த்த ஒன்று அடுத்ததைக் கேட்கும். அந்தக் கேள்வி கூட்டிப் போகிற இடத்துக்குப் போக வேண்டும்.

சிதம்பரத்தையே எடுத்துக்கொள்வோம். கோயிலின் தல மரம் தில்லை. தில்லை என்பதே ஊரின் பழைய பெயர். ஆனால் அந்த மரம் இன்று ஊருக்குள் இல்லை. உயிரோடு பார்க்க வேண்டுமானால் பிச்சாவரம்தான் போக வேண்டும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்தான பால் வடியும் மரம் அது. இதைத் தெரிந்துகொண்டு படகில் ஏறுகிறவருக்குப் பிச்சாவரம் சினிமாப் படப்பிடிப்பு நடந்த இடமாக மட்டும் தெரியாது. ஒரு காலத்தில் இந்தக் காடு கோயில் வரை வந்திருந்தது என்பதை ஊர்ப்பெயரும் மரமும் சேர்ந்து சொல்வதைக் கேட்பார். அதுபோலவே வடக்குக் கோபுரம். கிருஷ்ணதேவராயர் எழுப்பியது, அவருடைய சிலையும் அங்கே இருக்கிறது. எல்லாரும் அவரைக் காட்டுவார்கள். அதே கோபுரத்தில் அதைக் கட்டிய ஆசாரிகள் சிலரின் உருவங்களும் பெயர்ப் பொறிப்போடு இருக்கின்றன. ஒருவர் பெயருக்கு முன்னால் விருத்தகிரி என்று ஊர்ப்பெயர் வருகிறது. விருத்தாசலத்திலிருந்து வந்த ஒரு கைவினைஞர் சிதம்பரத்தில் ஒரு பேரரசருக்குக் கோபுரம் கட்டிவிட்டுத் தன் உருவத்தையும் நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார். பார்த்தவருக்கு விருத்தாசலம் போக ஒரு காரணம் கிடைத்துவிட்டது. எந்த நட்சத்திரமும் தேவையில்லை.

தொடர்பு கடலூர் மாவட்டம் முழுக்க ஒருவரைக் கூட்டிப் போகும். அப்பரைக் கல்லோடு கட்டிக் கடலில் தள்ளினார்கள், அவர் கரையேறியது திருப்பாதிரிப்புலியூரில், அதாவது இன்றைய கடலூருக்குள். அங்கிருந்து திருவதிகை. பிறகு பெண்ணாடம் வருகிறார். சமணத்தில் இருந்த உடம்பு இது, உன் அடையாளம் படாமல் இதைத் தாங்கமாட்டேன் என்று வேண்ட, தோளில் சூலக்குறியும் இடபக்குறியும் பொறிக்கப்பட்டன என்கிறது பெரிய புராணம். பிறகு அரத்துறை, முதுகுன்றம், கடைசியில் தில்லை. இந்த வரிசையில் போகிறவர் ஒரு மனிதரின் வாழ்க்கையைப் பின்தொடர்கிறார். கடலூரின் கடற்கரை, பெண்ணாடத்தின் கருவறை, தில்லையின் வாசல் மூன்றும் ஒரே கதையின் மூன்று இடங்களாகிவிடுகின்றன. மத நம்பிக்கை இல்லாதவருக்கும் இது பொருந்தும். ஏழாம் நூற்றாண்டில் சமணமும் சைவமும் மோதிய நிலத்தின் வரைபடம் அவர் காலுக்குக் கீழே விரிகிறது.

நடக்கிற கதை வேண்டாம், ஓடுகிற தண்ணீர் போதும் என்கிறவருக்கு வெள்ளாறு இருக்கிறது. பெண்ணாடம் பக்கமாக வரும் ஆறு கூடலையாற்றூரில் மணிமுத்தாற்றைச் சேர்த்துக்கொண்டு, சேத்தியாத்தோப்பு அணையைத் தாண்டி, புவனகிரி வழியாகப் பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கிறது. அங்கே 1781-ல் ஹைதர் அலியின் படையும் அயர் கூட்டின் கும்பெனிப் படையும் மோதின. தி. ஜானகிராமனும் சிட்டியும் காவிரியைப் பின்தொடர்ந்து 'நடந்தாய் வாழி காவேரி' எழுதினார்கள். வெள்ளாற்றுக்கு யாராவது அப்படி ஒரு நூல் எழுத வேண்டும் என்று எனக்கு நீண்ட நாள் ஆசை.

இந்த வழிக்கும் குறை உண்டு. தொடர்பு பிடிக்க முன்னால் படிக்க வேண்டும்; படிக்க வசதியில்லாதவருக்குப் பட்டியலே கதி. ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு போகிறவர் அந்த நூலுக்கு வெளியே உள்ளதைத் தவறவிடுவார். அப்பரின் வழியில் போகிறவருக்கு ஓமக்குளம் வராது. அதற்கு நந்தனாரின் வழி வேண்டும். மெய்கண்டார் பிறந்த ஊர் பெண்ணாடம் என்று தொடங்குகிறவருக்குத் திருவெண்காடும் திருவெண்ணெய்நல்லூரும் வரும், சிதம்பரத்தில் உமாபதி சிவம் ஒதுங்கி வாழ்ந்த கொற்றவன்குடியும் வரும். ஆனால் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போகிற சாலையும் அந்தச் சாலையின் ஜனங்களும் கண்ணில் படமாட்டார்கள். ஒரு பயணத்தில் ஒரு வழிதான் முடியும்.

கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எதுவும் மிஞ்சாத வரலாற்றை முதல் பயணத்தில் என்ன செய்வது என்பது கடினமான கேள்வி. கடலூர் தேவனாம்பட்டினத்தில் ஆங்கிலேயக் கும்பெனி 1690-ல் மராட்டியரிடமிருந்து கோட்டையை வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு விழுகிற தூரம் வரை உள்ள கிராமங்கள் கும்பெனிக்கு என்று ஒப்பந்தம். சுட்டார்கள், குண்டு கிராமங்கள் என்று அவற்றுக்குப் பெயர் வந்தது. ஒரு நாட்டின் மேல் இன்னொரு நாடு உரிமை கொண்டாடிய விதத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லும் சம்பவம் நம் வரலாற்றில் அபூர்வம். 1746 முதல் சில ஆண்டுகள் தென்னிந்தியாவில் கும்பெனியின் தலைமையிடமே இந்தப் புனித டேவிட் கோட்டைதான். இன்று அங்கே பார்க்கக் கோட்டை என்று அதிகமில்லை. 1918 நவம்பரில் புதுச்சேரியிலிருந்து வெளியே வந்த பாரதியைப் பிடித்து வைத்ததும் கடலூர்ச் சிறையில்தான். இவற்றைத் தெரிந்துகொண்டு சில்வர் பீச்சில் நின்றால் அந்தக் கடற்கரை வேறு மாதிரி இருக்கும். ஆனாலும் முதல் தடவை வருகிறவரை அங்கே போகச் சொல்லமாட்டேன். கற்பனையால் கட்டி எழுப்ப வேண்டிய இடங்களுக்கு ஊரோடு ஏற்கெனவே ஒரு பழக்கம் வேண்டும். அவை இரண்டாம் பயணத்துக்கு உரியவை.

பட்டியல் போடுகிறவர்கள் மூன்று விஷயம் சேர்த்தால் பாதிக் குறை தீரும். ஒவ்வொரு இடத்துக்கும் குறைந்தது எவ்வளவு நேரம் வேண்டும், எந்த வேளையில் போக வேண்டும், அங்கே எந்தப் பக்கம் போய் நிற்க வேண்டும். நடை சாத்தும் நேரத்தை எழுதாத கோயில் பட்டியலை அச்சிடவே கூடாது. மாவட்ட நிர்வாகமும் அறநிலையத் துறையும் சுற்றுலாத் துறையும் மனம் வைத்தால் பேருந்து நிலையங்களிலேயே இப்படி ஒரு பலகை வைத்துவிடலாம், பெரிய செலவில்லை. டூர் வேன்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள்: ஒரு நாளில் ஒரு தலத்தைக் குறைத்துவிட்டு, மிஞ்சும் நேரத்தை மற்றவற்றுக்குப் பங்கிட்டுக் கொடுங்கள். வருகிறவர்கள் கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.

ஒரே ஒரு நாள் கையில் வைத்துக்கொண்டு முதல் தடவை சிதம்பரம் வருகிறவருக்கு என் பதில் இது. விடியற்காலையில் கீழவீதி வழியாகக் கோயிலுக்குள் போங்கள். கிழக்குக் கோபுர வாசலில் ஒரு பக்கச் சுவரையாவது முழுக்கப் பாருங்கள். ஸ்படிக லிங்க அபிஷேகம் பாருங்கள், சிவகாமி கோயில் கூரையை அண்ணாந்து பாருங்கள், வடக்குக் கோபுரத்தில் ஆசாரிகளைத் தேடிப் பிடியுங்கள். நடை சாத்தியதும் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் இளைப்பாறி, வெயில் தாழ்ந்ததும் ஓமக்குளம் போய்விட்டு வந்து, தெற்குக் கோபுரம் வழியாக மறுபடி கோயிலுக்குள் போங்கள். நந்தனாருக்காகத் தீ மூட்டியதாகப் பெரிய புராணம் சொல்வது தெற்கு வாசலில்தான். மாலைத் தீபாராதனை முடிந்ததும் ரயிலுக்கு நேரம் சரியாக இருக்கும். பிச்சாவரத்தை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம். அதைக் காலையில் பார்க்க வேண்டும்.